கட்டைவிரல் அகலப் புட்டி

ட்ரெவர் ஹாலம் செய்தது இவ்வளவுதான். கார்த் தகட்டின் பள்ளத்தை அடைக்கும் பசையான புட்டியைக் கட்டைவிரல் அகலத்துக்குக் கொஞ்சம் எடுத்து ஒரு நம்பரின் மேல் பூசினார். அப்புறம் அதே அளவு எடுத்து இன்னொரு நம்பரின் மேல் பூசினார். இரண்டுக்கும் சேர்த்து ஐந்து நிமிஷம் ஆகியிருக்காது. அது 1993 அக்டோபர். அதற்குப் பிறகு இருபத்தைந்து வருஷம் அவர் வேறெந்தக் கெட்ட காரியமும் செய்ததாக எனக்குத் தெரியவில்லை. முன்னால் செய்திருந்தால் அதுவும் தெரியாது.

ஆஸ்திரேலியாவில், ஜீலாங்கின் வடகரையில், ட்ரெவரும் அவர் மனைவி நோலீனும் இருக்கும் வீட்டுப் பின்னறையில் நான் ஆறு வருஷமாக வாடகைக்கு இருக்கிறேன். என் அறைக்குத் தனி வாசல் கிடையாது. கராஜுக்குள் நுழைந்து, மூன்று கார்களையும் சுற்றிக்கொண்டு, நோலீன் பட்டாணிப் பொட்டலங்களைப் போட்டுவைக்கும் ஃப்ரீசர் பெட்டியைத் தாண்டித்தான் போக வேண்டும். காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. ஒவ்வொரு காருக்கு அடியிலும் ஓர் அட்டை விரித்திருக்கும். எந்தக் கார் எங்கே எண்ணெய் சொட்டும் என்று எனக்கே தெரியும். ஆரஞ்சு நிற டாட்சன் மட்டும் சொட்டாது. அதன் அட்டை எப்போதும் சுத்தமாக இருக்கும். ட்ரெவர் வாரத்துக்கு ஒரு தடவை அதைத் துடைப்பார். பழைய பனியன் துணியால், எப்போதும் முன்பக்கத்திலிருந்து பின்பக்கமாக.

ட்ரெவர் இருக்கும் பழைய கார் கிளப்பின் மாதத் தாளை நான்தான் தட்டச்சு செய்கிறேன். பழைய தாள்களை வருஷவாரியாகச் செருப்புப் பெட்டிகளில் அடுக்கி வைத்திருக்கிறேன். இந்த விஷயத்தில் என் பங்கு அந்தப் பெட்டிகள்தான். மற்றதெல்லாம் நான் பார்த்ததும், பக்கத்து அறையில் இருந்ததால் கேட்டதும். முடிந்தவரை வரிசையாகச் சொல்கிறேன்.

மார்ச் மாதம் முதல் செவ்வாய்க்கிழமை. வடக்கிலிருந்து சூடான காற்று வீசிக்கொண்டிருந்தது. தார்ச்சாலை செருப்பில் ஒட்டியது. பெல்மாண்டில் க்ளெனிஸ் ப்ரூவரின் வீட்டுக்கு, அவளுடைய காரை விலைக்குப் பார்க்க பல்லாரட்டிலிருந்து ஒருவர் வருவதாக இருந்தது. அது அவள் கணவர் நெவிலுடைய கார், பச்சை டாட்சன். நெவில் போன ஜூனில் இறந்துபோனார். க்ளெனிஸ் தன் மகள் இருக்கும் ஊருக்குக் குடிபோகப் போகிறாள். அங்கே கராஜ் கிடையாது. கார் நல்ல கைக்குப் போனால் போதும் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்கு ஒண்ணும் தெரியாது, நீ பக்கத்தில் நின்னா தைரியமா இருக்கும் என்று ட்ரெவரைக் கூப்பிட்டிருந்தாள். நாற்பது வருஷ சிநேகிதம். நெவில் சவப்பெட்டியைத் தூக்கியவர்களில் ட்ரெவர் முன்வரிசை.

நோலீன் இரண்டு தட்டு சாசேஜ் ரோல் சுட்டிருந்தாள். தூக்கிக்கொண்டு நானும் கூடப் போனேன்.

நெவிலின் கராஜ் அப்படியே இருந்தது. சுவரில் ஒவ்வொரு கருவிக்கும் பின்னால் அதன் உருவத்தைக் கறுப்பு மையால் வரைந்திருந்தார். சுத்தியலை எடுத்தால் சுத்தியலின் நிழல் இருக்கும். மூலையில், ஓர் ஆணியில், தங்க நிறம் பூசிய, ஓட்டை ஓட்டையான அலுமினிய வடிதட்டு ஒன்று தொங்கியது.

அதைப் பற்றிச் சொல்ல வேண்டும். நெவிலை கிளப்பில் யாரும் நெவில் என்று கூப்பிட்டதில்லை. வடிதட்டு என்றுதான் பெயர். அவர் வாங்கிய காரின் கூட்டில், அந்தத் தகட்டு உடம்பில், அத்தனை ஓட்டை. வெட்டி எடுத்து, புதுத் தகடு வைத்துப் பற்றவைத்து, தேய்த்து, மறுபடி பக்கத்தில் ஓட்டை கண்டு, மறுபடி வெட்டி, பதினொரு வருஷம். ஒவ்வொரு டிசம்பர் விருந்திலும் அந்த வருஷத்தின் பெரிய துருவுக்கு ஒரு பரிசு உண்டு. இந்தத் தங்க வடிதட்டுதான் பரிசு. நெவில் ஆறு தடவை வாங்கினார். ஏழாவது தடவை, இனி இதைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம், வீட்டிலேயே வைத்துக்கொள் என்று நிரந்தரமாகக் கொடுத்துவிட்டார்கள். ஏழு தடவையும் மேடையில் கொடுத்தவர் ட்ரெவர். என்ன வடிதட்டு, இந்த வருஷம் எத்தனை படி மாவு சலிச்சே என்று கேட்பாராம். நெவில்தான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரிப்பாராம். சவப்பெட்டியின் மேலும் அதை வைத்திருந்தார்கள், மஞ்சள் பூக்களை நிரப்பி.

பல்லாரட்காரர் பெயர் விட்டோ. இதே ரகத்தில் நான்கு கார்கள் வீட்டில் வைத்திருக்கிறாராம். அமைதியான மனிதர். வந்ததும் கையைத் தன் சட்டையில் துடைத்துக்கொண்டுதான் காரைத் தொட்டார். அரை மணி நேரம் அடியில் படுத்திருந்தார். எழுந்து, இந்த வெல்டிங் யார் போட்டது என்று கேட்டார். என் வீட்டுக்காரர் என்றாள் க்ளெனிஸ். இவ்வளவு சுத்தமான கை நான் பார்த்ததில்லை என்றார். க்ளெனிஸுக்கு முகம் மலர்ந்துவிட்டது.

பிறகு பானெட்டைத் திறந்தார். என்ஜினுக்கும் ஓட்டுபவரின் காலுக்கும் நடுவில் இருக்கும் தகட்டில்தான் ஆலையில் நம்பரை அடித்திருப்பார்கள். ஆணியடித்த சிறு பட்டையிலும் அதே நம்பர் இருக்கும். பட்டையைக் கழற்றி மாட்டலாம். தகட்டில் அடித்ததை மாற்ற முடியாது. அதனால் இந்தக் கார்க்காரர்கள் முதலில் கை வைக்கும் இடம் அது. பெயின்ட் அடிக்கும்போது அதன்மேல் காகிதம் ஒட்டிப் பாதுகாப்பார்கள். அங்கே வழவழவென்று பச்சைப் பெயின்ட் மட்டும் இருந்தது.

விட்டோ பையிலிருந்து பெயின்ட்டின் தடிமன் பார்க்கும் கருவியை எடுத்து அங்கே வைத்தார். அது கீச்சென்றது.

"இங்க புட்டி இருக்கு."

"அது துருப்பிடிக்காம இருக்க வச்சது," என்றாள் க்ளெனிஸ். "ட்ரெவருக்குத் தெரியும். அவன் சொல்லிக்குடுத்த யோசனைதான்."

எல்லாரும் ட்ரெவரைப் பார்த்தோம். ட்ரெவர் இருமினார். ஆமாம் என்றார்.

சுரண்டிப் பார்க்கலாமா என்று விட்டோ கேட்டார். க்ளெனிஸ் தாராளமா என்றாள். சூடுகாட்டி, பிளாஸ்டிக் தகட்டால் மெதுவாக எடுத்தார். புட்டி வெண்ணெய் மாதிரி சுருண்டு வந்தது. நம்பரின் கடைசி மூன்று எண்கள் 418. பட்டையில் 733. பதிவுக் காகிதங்களிலும் 733.

விட்டோ கருவியைப் பைக்குள் வைத்தார். நான் யாரையும் குத்தம் சொல்லலை என்று இரண்டு தடவை சொன்னார். ஆனால் வேறொரு காரின் கூட்டுக்கு இந்தப் பட்டையை அடித்திருக்கிறார்கள், யாரோ தெரிந்தே மறைத்திருக்கிறார்கள், திருட்டுக் கூடாகக்கூட இருக்கலாம், நான் தொட மாட்டேன் என்றார். டீ குடிக்காமல் போய்விட்டார். ரோல்கள் தட்டிலேயே ஆறின.

க்ளெனிஸ் பச்சைக் காரின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"நெவில் இப்படிச் செய்வாரா, ட்ரெவ்?"

"மாட்டான்."

"அப்ப யாரு?"

"பாக்கலாம்," என்றார் ட்ரெவர்.

அந்தச் சொல்லைப் பற்றி நான் பிறகு நிறைய யோசித்தேன். அந்த இடத்திலேயே அவர் உண்மையைச் சொல்லியிருக்கலாம். எனக்குப் பின்னால் நோலீன் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளும் அப்போதே ஏதோ கவனித்திருக்க வேண்டும். திரும்பும் வழியில் வண்டிக்குள் அவள் ட்ரெவரின் பக்கம் திரும்பாமல் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள். 

வியாழக்கிழமைக்குள் கிளப்பில் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. தாளுக்காக என்னிடம் போன் செய்தவர்களில் மூன்று பேர் அதைத்தான் பேசினார்கள். ஒருவர், வடிதட்டு எங்கேயிருந்து அந்தக் கூட்டைத் தூக்கினானோ என்றார். இன்னொருவர், செத்தவனைப் பத்திப் பேசக் கூடாது என்று ஆரம்பித்துப் பத்து நிமிஷம் பேசினார். நெவில் பெயரில் கிளப் கொடுக்கவிருந்த கோப்பையைக் கொஞ்ச நாள் தள்ளிவைக்கலாம் என்று தலைவர் எழுதியனுப்பினார். அதையும் நான்தான் தட்டச்சு செய்தேன்.

வியாழன் மத்தியானம் நோலீன் என் அறைக்கு வந்தாள். மாவுக் கையோடு வந்தாள்.

"கண்ணு, தொண்ணூத்தி மூணு பெட்டி எங்கே?"

எடுத்துக் கொடுத்தேன். டிசம்பர் தாள், நான்காம் பக்கம். அங்கத்தினர் குறிப்புகள் என்ற பகுதியில் நெவில் எழுதியிருந்தது:

'மணல் வீசிப் பெயின்ட்டை உரித்த கூட்டில் நம்பர் இருக்கும் இடம் சீக்கிரம் துருப்பிடித்துவிடும் என்று நண்பன் ட்ரெவர் அதன்மேல் மெல்லிசாகப் புட்டி வைத்துவிட்டான். என் வண்டிக்கும் சேர்த்துச் செய்துகொடுத்தான். எல்லாரும் பின்பற்றலாம். நான் வேலைக்குப் போயிருந்த நாளில் என் கூட்டையும் தன் கூடு மாதிரி பார்த்துக்கொண்டான். இப்படி ஒரு நண்பன் கிடைப்பது அபூர்வம்.'

நோலீன் அதை இரண்டு தடவை படித்தாள். தாளின் ஓரத்தில் மாவு ஒட்டியது. பிறகு எழுந்து கராஜுக்குப் போனாள். கதவு திறந்தே இருந்தது. நான் அதை மூடியிருக்க வேண்டும். மூடவில்லை.

ட்ரெவர் ஆரஞ்சுக் காரைத் துடைத்துக்கொண்டிருந்தார். அது துடைக்கும் நாள் அல்ல.

"பானெட்டைத் தூக்கு," என்றாள் நோலீன்.

அவர் தூக்கினார். அவள் மேசையிலிருந்து சுரண்டியை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

"சுரண்டு."

"நோல்."

"சுரண்டு, ட்ரெவ். இல்லன்னா நான் சுரண்டுவேன். எனக்கு பெயின்ட்டு போனாப் பரவாயில்லை."

சுரண்டும் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு நின்றது. நோலீன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து எண்களை உரக்கப் படித்தாள். ஏழு, மூணு, மூணு. நெவில் காரின் காகிதங்களில் இருந்த அதே நம்பர்.

அன்று ட்ரெவர் அவளிடம் சொன்னதை இங்கே சேர்த்துச் சொல்கிறேன். இரண்டு கூடுகளையும் ஒரே டிரெய்லரில் மணல் வீசக் கொண்டுபோனார்கள். ட்ரெவருடையது உப்புக்காற்று வீசும் கடற்கரைப் பண்ணையிலிருந்து வாங்கியது. நெவில் நானூறு கிலோமீட்டருக்கு மேல் ஓட்டி மில்டுரா வரை போய், மழையே பெய்யாத ஊரில் நின்ற காரைத் தேடி வாங்கினார். விற்றவர் க்ளெனிஸின் அண்ணன் கெய்த். பெயின்ட் இருக்கும்வரை இரண்டும் ஒரே மாதிரிதான் இருந்தன. பெயின்ட் போனதும் நெவிலுடையது புதுத் தட்டு மாதிரி இருந்தது. ட்ரெவருடையதில் கையை முஷ்டியாக்கி நுழைக்கலாம்.

வெறும் தகடு எங்கள் ஊர்க் காற்றில் ஒரு நாள் தாங்காது. சாயங்காலத்துக்குள் பழுப்பு பூத்துவிடும். அன்றே பிரைமர் என்ற அடிப்பூச்சை அடித்தாக வேண்டும். நெவிலுக்கு கார் ஆலையில் மத்தியான ஷிப்ட். இடைவேளையில் போன் செய்து, ரெண்டையும் நீயே அடிச்சுடுடா என்றார். மணல் வீசியவர்கள் ட்ரெவர் கூட்டில் 'டி', நெவில் கூட்டில் 'என்' என்று ஆங்கில முதலெழுத்தைச் சாக்குக்கட்டியால் எழுதியிருந்தார்கள். பிரைமர் அடிக்கும் முன் தின்னர் துணியால் துடைத்தால் அது அழிந்துவிடும். யார் அடித்தாலும் அழியும். திரும்ப எழுதும்போது மாற்றி எழுதியதுதான் ட்ரெவர் செய்தது. நம்பர் காட்டிக்கொடுத்துவிடும் என்பதால் புட்டி.

மறுநாள் காலையில் நெவில் வந்தார். ஓட்டைக்குள் கையை விட்டுப் பார்த்தார். கெய்த் என்னை நல்லா ஏமாத்திட்டான்டா என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு ரொம்ப நாள் நீடிக்கவில்லை. கெய்த்துக்கு ஒரு கடிதம் போட்டார். கெய்த் பதில் போட்டார். அதன் பிறகு அந்த இரண்டு வீடுகளுக்கும் பேச்சு கிடையாது. தங்கை கணவரின் இறுதிச் சடங்குக்குக்கூட கெய்த் வரவில்லை.

"அவனுக்கு வெல்டிங் வரும்," என்றார் ட்ரெவர். "எனக்கு வராது, நோல். நான்னா அதைத் தூக்கிப் போட்டிருப்பேன். அவன் ஒரு வருஷத்துல முடிச்சுடுவான்னு நெனச்சேன். சத்தியமா ஒரு வருஷம்னுதான் நெனச்சேன்."

"ஒரு வருஷம் முடிஞ்சப்ப என்ன நெனச்சே?"

அவர் சுரண்டியைப் பனியன் துணியால் துடைத்தார்.

"நீ பதினாலு மாசத்துல முடிச்சு என்னைக் கடலோரமா கூட்டிட்டுப் போனே. நான் ஸ்கார்ஃபெல்லாம் கட்டிக்கிட்டு உக்காந்திருந்தேன். நெவில் அந்த நேரம் அந்தப் பச்சைக்கு அடியில கெடந்தாரு. அந்தப் பரிசு மேடையில நானும் சிரிச்சேன். அது என்னோட வடிதட்டு, ட்ரெவ். என் சமையக்கட்டுல இருந்து நான்தான் எடுத்துக் குடுத்தேன். நான்தான் பெயின்ட்டும் அடிச்சேன்."

அன்று இரவு சாப்பாட்டுக்கு ஆட்டிறைச்சி வறுத்திருந்தாள். மூன்று பேரும் உட்கார்ந்தோம். உருளைக்கிழங்கை ட்ரெவர் நான்காக, எட்டாக, இன்னும் சிறியதாக வெட்டிக்கொண்டே இருந்தார். பிறகு தட்டைப் பார்த்தபடி, மணல் வீசிய இடத்தில் கலந்துபோச்சு என்று சொல்லிவிடலாம் என்றார். அந்தப் பட்டறைக்காரர் செத்துப் பத்து வருஷம் ஆகிறது, பட்டறையும் இல்லை. அப்படிச் சொன்னால் நெவில் பெயரும் சுத்தமாகிவிடும். அதுதானே வேண்டும்?

கேட்கும்போது எனக்கு அது நியாயமாகவே பட்டது. அதை எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் பட்டது.

நோலீன் எழுந்து தட்டுகளை எடுத்தாள். "சனிக்கிழமை போய்ச் சொல்லு," என்றாள். "என்ன சொல்லணும்னு உனக்குத் தெரியும். நானும் வர்றேன். அந்த வண்டியில வரமாட்டேன். பஸ்ல வர்றேன்."

சனிக்கிழமை காற்று திரும்பிவிட்டது. தெற்கிலிருந்து குளிர்ந்து, மழை சாய்வாக விழுந்தது. ட்ரெவர் ஆரஞ்சுக் காரில் முன்னால் போனார். மழையில் அதை அவர் வெளியே எடுத்து நான் பார்த்ததில்லை. நோலீனும் நானும் பஸ்ஸில், நகரத்தில் இறங்கி மாறிப் போய்ச் சேர்ந்தபோது, க்ளெனிஸின் சமையலறையில் அவர் ஏற்கெனவே சொல்லி முடித்திருந்தார். எதைச் சொன்னார் என்பது க்ளெனிஸின் முகத்திலேயே தெரிந்தது. அவள் அழுதுகொண்டு சிரித்தாள்.

"நோலி, கேட்டியா? கலந்துபோச்சாம். அந்த மணல் பட்டறையிலயே கலந்துபோச்சாம். நெவில் ஒண்ணும் பண்ணலை." அவள் ட்ரெவரின் தோளில் கை வைத்தாள். "பாவம், உனக்கும் இத்தனை வருஷம் தெரியாது. செவ்வாக்கிழமை உன் மூஞ்சி எப்படி இருந்துச்சு. எனக்காக எவ்வளவு கஷ்டப்பட்டுட்டே."

நோலீன் ஈரக் கோட்டைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாள். ட்ரெவர் அவளைப் பார்க்கவில்லை.

க்ளெனிஸ் எங்களை உட்கார வைத்தாள். சீஸ் ஸ்கோன் பன்னைப் பிளந்து, வெண்ணெய் தடவி, முதலில் ட்ரெவருக்கு வைத்தாள். பேச்சு நிற்கவில்லை. கெய்த்துக்குச் சொல்ல வேண்டும், அண்ணன் நல்ல காரைத்தான் கொடுத்திருக்கிறான், இத்தனை வருஷம் வீணாகிவிட்டதே, ஆனாலும் யார் மேலும் தப்பில்லை என்பதே பெரிய நிம்மதி. பிறகு, நெவில் இருந்தால் இதை எப்படிக் கேட்டிருப்பார் என்று நினைத்துப் பார்த்தாள் போலிருக்கிறது. குரல் இறங்கியது.

"அவருக்கு அவரோட கண்ணு மேலயே நம்பிக்கை போயிடுச்சு, தெரியுமா? பாத்துப் பாத்துத்தானே வாங்கினேன் க்ளென், எப்படி விட்டேன்னு கேட்டுக்கிட்டே இருப்பாரு. அதுக்கப்புறம் எதையும் தனியாப் போய் வாங்கினதில்லை. ஃப்ரிட்ஜ் வாங்கக்கூட உன்னைத்தானே கூட்டிட்டுப் போனாரு, ட்ரெவ்? நீ பாத்துச் சொல்லுடான்னு."

அந்த ஃப்ரிட்ஜ் எங்களுக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது. ட்ரெவரின் வாயில் ஒரு துண்டு ஸ்கோன் இருந்தது. அவர் அதை விழுங்கவில்லை. கைக்குட்டையை எடுத்து அதில் துப்பி மடித்து வைத்துக்கொண்டார்.

"கலந்துபோகலை," என்றார்.

"என்ன?"

"அவங்க சரியாத்தான் எழுதியிருந்தாங்க. நான்தான் அழிச்சு மாத்தி எழுதினேன். நல்லதை நான் எடுத்துக்கிட்டேன். நம்பர் மேல புட்டி வச்சதும் அதுக்குத்தான். துருவுக்கில்லை."

க்ளெனிஸ் நோலீனைப் பார்த்தாள். நோலீன் ஆமாம் என்று தலையை ஆட்டினாள். எப்போதிலிருந்து உனக்குத் தெரியும் என்று க்ளெனிஸ் கேட்டாள். வியாழக்கிழமையிலிருந்து என்றாள் நோலீன். க்ளெனிஸ் அதை நம்பினாள் என்றுதான் நினைக்கிறேன். வெண்ணெய்க் கத்தியை எடுத்து, துடைத்து, தட்டுக்கு நேராக வைத்தாள். மறுபடி எடுத்துத் துடைத்தாள்.

"பதினோரு வருஷம்," என்றாள். "சனி ஞாயிறு. என் புள்ளைங்க வரைஞ்ச படத்துல அப்பான்னா ஒரு காரும் அதுக்கு அடியில ரெண்டு பூட்ஸும். நான் அந்தக் காரைத் திட்டினேன். அவரைத் திட்டினேன். கெய்த்தைத் திட்டினேன். நீ அந்த ஸ்டூல்ல உக்காந்து பீர் குடிச்சுக்கிட்டு, எங்கே வெட்டணும்னு சொல்லிக்குடுத்தே."

"ஆமா."

"அவர்கிட்ட எப்பவாவது சொல்லலாம்னு நெனச்சியா?"

"ஆஸ்பத்திரியில நெனச்சேன்."

"அப்புறம்?"

"நர்ஸ் வந்துட்டா."

க்ளெனிஸ் எழுந்தாள். சுவரில் இருந்த போனை எடுத்து, காகிதம் பார்க்காமல் எண்களை அழுத்தினாள். இருபத்தைந்து வருஷத்தில் அந்த எண் அவளுக்கு மறக்கவில்லை. கெய்த், நான்தான் என்றாள். இல்லை, நல்லாத்தான் இருக்கேன், ஒருத்தர் உன்கிட்ட பேசணும் என்றாள். போனை ட்ரெவரிடம் நீட்டினாள்.

"அவனுக்கும் நீயே சொல்லு."

ட்ரெவர் நின்றுகொண்டு பேசினார். பள்ளிக்கூடத்தில் எழுந்து நிற்பவர் மாதிரி, ஒரு கை பக்கவாட்டில் ஒட்டியபடி. தன் முழுப்பெயரைச் சொன்னார். செய்ததைச் சொன்னார். வியாழக்கிழமை நோலீனிடம் சொன்னதைவிடச் சுருக்கமாக, ஒரு வருஷத்தில் முடித்துவிடுவான் என்று நினைத்தேன் என்பதை விட்டுவிட்டுச் சொன்னார்.  பிறகு கெய்த்தின் குரல் எங்களுக்கும் கேட்டது. வயதான, பலத்த குரல்.

"இதை நெவில்கிட்ட சொன்னியா?"

"இல்லை."

போன் வைக்கப்பட்டுவிட்டது. ட்ரெவர் அதைக் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றார். க்ளெனிஸ்தான் வாங்கி மாட்டினாள்.

சாவியை மேசையில் வைத்து, ஆரஞ்சு வண்டி உன்னோடது என்றார் ட்ரெவர். பச்சையின் கூடு என்னுடையது, ஆனாலும் அதை நான் கேட்கவில்லை, நீ எப்படிச் சொல்கிறாயோ அப்படி என்றார்.

"உன் கூடா?" என்றாள் க்ளெனிஸ். "உன் கூடு துருவாப் போயி குப்பையில விழுந்து எத்தனையோ வருஷம் ஆச்சு. இப்ப நிக்கிறது முழுக்க நெவில் வச்ச தகடு. ரெண்டும் இங்கேயே நிக்கட்டும். கெய்த் வந்து பாக்கட்டும், வந்தான்னா."

அவள் கராஜுக்குப் போனாள். திரும்பி வந்தபோது கையில் அந்த வடிதட்டு இருந்தது. அதை ட்ரெவரின் முன்னால், ஸ்கோன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"இதை எடுத்துட்டுப் போ."

கோபமாகச் சொல்லவில்லை. மறந்து விட்டுப்போன குடையைக் கொடுப்பது மாதிரி சொன்னாள். நோலீன் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். க்ளெனிஸ், நீ அப்புறம் வா நோலி, இன்னைக்கு வேண்டாம் என்றாள். நாங்கள் வெளியே வந்த பிறகு உள்ளேயிருந்து கதவைப் பூட்டும் சத்தம் கேட்டது.

பஸ் நிறுத்தத்தில் கூரை இல்லை. குடை ஒன்றுதான். நோலீனும் நானும் அதற்குள் நின்றோம். ட்ரெவர் தள்ளி நின்றார். வடிதட்டைப் பைக்குள் வைக்க என்னிடம் பை இருந்தது. நீட்டினேன். வேண்டாமென்று தலையாட்டினார். பஸ் ஓட்டுநர் அதைப் பார்த்து, என்ன தலைவரே, கோப்பை ஜெயிச்சீங்களா என்றார். ஆமாம் என்றார் ட்ரெவர்.

பஸ் பாலத்தைத் தாண்டும்போது என் குறிப்பேட்டைக் கேட்டார். ஏப்ரல் தாளில் நான்காம் பக்கத்தில் இடம் இருக்கிறதா என்றார். இருக்கிறது என்றேன். வண்டி குலுங்க, முழங்காலில் வைத்து எழுதினார். எழுதி முடித்து என்னிடம் கொடுக்காமல் இருக்கையின் மேலாக நோலீனிடம் நீட்டினார். அவள் கண்ணாடி போட்டுப் படித்தாள். நானும் பக்கத்திலிருந்து படித்தேன்.

'திருத்தம். 1993 டிசம்பர் தாளில், நம்பர் மேல் புட்டி வைப்பது துருவைத் தடுக்கும் என்று நெவில் ப்ரூவர் எழுதியிருந்தார். அது நான் அவரிடம் சொன்ன பொய். என் கூடும் அவர் கூடும் தவறுதலாக மாறிவிட்டன. அதை மறைக்க வைத்த புட்டி அது. மில்டுராவில் நெவில் பார்த்து வாங்கியது நல்ல கார். அதை விற்ற கெய்த் அவரை ஏமாற்றவில்லை. வடிதட்டு என்னுடையது. ட்ரெவர் ஹாலம்.'

நோலீன் ஒரு சொல்லின் கீழ் விரலை வைத்து, தாளை அவரிடம் திருப்பிக் கொடுத்தாள்.  அவர் பார்த்தார். 'தவறுதலாக மாறிவிட்டன' என்பதை அடித்தார். மேலே சிறிய எழுத்தில் 'இரண்டையும் நான் மாற்றினேன்' என்று எழுதி, குறிப்பேட்டை என்னிடம் நீட்டினார்.

அப்படியேதான் தட்டச்சு செய்தேன்.

பஸ் வடகரையை நெருங்கிக்கொண்டிருந்தது. ட்ரெவர் மடியில் வடிதட்டு இருந்தது. மழையில் நனைந்தது இன்னும் காயவில்லை. உள்ளே ஒட்டியிருந்த தண்ணீர் ஓட்டை ஓட்டையாக இறங்கி அவர் கால்சட்டையை நனைத்துக்கொண்டிருந்தது. பக்கத்து இருக்கை காலியாகத்தான் இருந்தது. அவர் அதை நகர்த்தி வைக்கவில்லை.